முதலில் என்ன செய்வீர்கள்? ரயில் ஓட்டுநர் நேர்காணலும் அவசர நிலைக் கேள்விகளும்

"உங்கள் வண்டி தடம் புரண்டு நிற்கிறது. இரவு நேரம். பின்பெட்டிகளிலிருந்து அலறல் கேட்கிறது. முதலில் என்ன செய்வீர்கள்?"

ரயில் ஓட்டுநர் வேலைக்கு ஆளெடுக்கும் நேர்காணல்களில் ஏதாவது ஒரு வடிவில் இந்தக் கேள்வி வந்துவிடும். முதன்முறை கேட்பவரின் மனம் அலறல் வரும் திசைக்கே ஓடும். "ஓடிப்போய்க் காயம்பட்டவர்களைத் தூக்குவேன்" என்று சொல்லத் தோன்றும். ஈரமுள்ள மனிதர் சொல்லக்கூடிய பதில்தான். ஆனால் ரயில் தொழிலில் அது தவறான பதில். ஏன் தவறு என்பதை விளங்கிக்கொண்டால், இந்த வகைக் கேள்விகள் அனைத்தின் உள்நோக்கமும் பிடிபட்டுவிடும்.

1998 நவம்பர் 26 அதிகாலையில் பஞ்சாபின் கன்னா அருகே தண்டவாளம் முறிந்து ஃபிரான்டியர் மெயிலின் பெட்டிகள் தடம் புரண்டன. அவற்றில் சில பக்கத்துத் தடத்தின் மேல் விழுந்து கிடந்தன. சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து வந்த ஜம்மு தாவி - சியால்டா எக்ஸ்பிரஸ் அவற்றின் மேல் மோதியது. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். பேரழிவை உண்டாக்கியது தடம் புரண்டதல்ல, அதன் பின் நேர்ந்த மோதல். அதற்கு ஏறக்குறைய நான்கு ஆண்டுகளுக்கு முன், 1995 ஜனவரி 31 மாலை, இங்கிலாந்தின் ஏஸ் கில் என்ற மலைப்பகுதியில் நிலச்சரிவில் மோதிய ஒரு சிறு பயணிகள் ரயில் தடம் புரண்டு எதிர்த்தடத்தை மறித்து நின்றது. அதன் கார்டு பயணிகளைக் கவனிப்பதில் முனைந்தார். எதிர்த்தடத்தில் வரும் வண்டியை நிறுத்த எச்சரிக்கை வைக்கப் போகவில்லை. சில நிமிடங்களில் அந்தத் தடத்தில் இன்னொரு ரயில் வந்து மோதியது. இறந்தவர் அந்தக் கார்டுதான்.

எனவே விடை இப்படித் தொடங்க வேண்டும்: பக்கத்துத் தடத்தைக் காப்பேன்; என் வண்டி எங்கே, எந்த நிலையில் நிற்கிறது, எந்தத் தடங்கள் மறிக்கப்பட்டுள்ளன என்பதைக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்வேன்; சொன்னதை அவர்கள் சரியாகப் புரிந்துகொண்டார்களா என்று உறுதி செய்வேன்; அதன் பிறகே பயணிகளிடம் போவேன். கேட்பவர்கள் தேடுவது வீரத்தையோ சமயோசிதத்தையோ அல்ல, வரிசையை. பதற்றத்திலும் வரிசை மாறாமல் நிற்கும் மனம் இவருக்கு உண்டா என்பதே கேள்வி.

கேள்வி பிறந்த கதை

ஓட்டுநரின் அவசர நிலைத் திறனை முன்கூட்டியே அளக்க முடியுமா என்று முதலில் முறையாக முயன்றவர்களில் ஒருவர் ஹார்வர்டு உளவியலாளர் ஹியூகோ மூன்ஸ்டர்பெர்க். 1910களின் தொடக்கத்தில் பாஸ்டன் நகர டிராம் ஓட்டுநர்களை அவர் சோதித்தார். அதற்காகப் பொம்மைத் தெருவோ பொம்மை டிராமோ செய்யவில்லை. எழுத்துகளும் எண்களும் அச்சிட்ட நீண்ட அட்டைகளைச் சோதிக்கப்படுபவரின் கண்முன் நகர்த்தினார். சில எண்கள் நடந்துபோகிறவரை, சில குதிரை வண்டியை, சில மோட்டார் காரைக் குறிக்கும். இவற்றில் எது தடத்தின் குறுக்கே வரப்போகிறது என்று கண்டு சொல்ல வேண்டும். தெருவின் தோற்றம் முக்கியமில்லை, தெருவில் ஓட்டும்போது வேலை செய்யும் மனநிலை அப்படியே எழ வேண்டும் என்பது அவர் வாதம். இன்றைய கணினித் தேர்வுகளின் வித்து அங்கே இருக்கிறது.

நேர்காணல் கேள்விகளின் வேர் வேறு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப் படைக்கு விமானிகளைத் தேர்ந்தெடுத்த உளவியலாளர் ஜான் ஃபிளானகன், பறக்கும்போது நேர்ந்த நெருக்கடிச் சம்பவங்களைத் திரட்டினார். வெற்றிக்கும் தோல்விக்கும் காரணமான செயல்களைப் பிரித்தெடுத்து, 1954இல் அதை ஒரு முறையாக எழுதி வெளியிட்டார். அந்த அடித்தளத்திலிருந்து 1980களில் இரண்டு கிளைகள் வந்தன. ஒன்று, "இப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்வீர்கள்" என்று கேட்கும் கேரி லேதமின் முறை. மற்றது, "அப்படி ஒரு நிலையில் என்ன செய்தீர்கள்" என்று கேட்கும் டாம் ஜான்ஸின் முறை. இன்று உலகெங்கும் ரயில் ஓட்டுநர் நேர்காணலில் வரும் அவசர நிலைக் கேள்விகள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும்.

இவை உண்மையிலேயே பயன் தருகின்றனவா? 1998இல் ஆய்வாளர்கள் ஷ்மிட், ஹன்டர் இருவரும் செய்த பெருந்தொகுப்பாய்வில், ஒரே கேள்விகளை ஒரே அளவுகோலோடு எல்லோரிடமும் கேட்கும் நேர்காணலுக்கும் பின்னாளைய வேலைத்திறனுக்கும் உள்ள தொடர்பு 0.51 என்று வந்தது. மனம்போன போக்கில் கேட்கும் நேர்காணலுக்கு 0.38. 2022இல் சாக்கெட் குழுவினர் கணக்கைத் திருத்தியபோது இவை 0.42, 0.19 என்று இறங்கின. இடைவெளி மட்டும் இன்னும் விரிந்தது. ஒழுங்குபடுத்திய நேர்காணல் ஓரளவு நம்பத்தக்கது, பேச்சுவாக்கில் நடத்துவது ஏறக்குறைய வீண் என்பதே இதன் பொருள். ஆனால் இந்த எண்கள் பலவகை வேலைகளைச் சேர்த்துக் கணக்கிட்டவை. ஆண்டுக்கணக்கில் எதுவும் நடக்காமல், ஒரே ஒரு நாள் இருபது விநாடியில் எல்லாம் நடந்துவிடும் ஓட்டுநர் வேலைக்கு இவற்றை அப்படியே பொருத்திவிட முடியாது.

பிரிட்டனில் கேட்கும் விதம்

இந்த நேர்காணலை விரிவாக வளர்த்தெடுத்த நாடுகளில் ஒன்று பிரிட்டன். 1999 அக்டோபர் 5 அன்று லண்டனின் லாட்புரோக் குரோவில் ஒரு ரயில் சிவப்பு சிக்னலைத் தாண்டி எதிர் வண்டியில் மோதியதில் 31 பேர் இறந்தார்கள். தாண்டிய ஓட்டுநர் தகுதி பெற்று இரண்டு வாரம்கூட ஆகவில்லை. லார்டு கலன் தலைமையில் நடந்த விசாரணை பயிற்சியின் குறைகளைக் கடுமையாகச் சுட்டியது. அதே சிக்னல் அதற்கு முன்பே எட்டு முறை சிவப்பில் தாண்டப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எந்த நேர்காணலாலும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாத ஒரு சிக்னலைச் சரிசெய்ய முடியாது.

இன்று அங்கே விண்ணப்பதாரர் கவனம், விழிப்பு, விதிகளைக் கற்கும் திறன் ஆகியவற்றுக்கான தேர்வுகளைக் கடந்து இரண்டு நேர்காணல்களுக்குப் போக வேண்டும். ஒன்று பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர் நடத்துவது. மற்றது ஓட்டுநர்களை மேற்பார்வையிடும் டிரைவர் மேனேஜர் நடத்துவது. இருவரும் பெரும்பாலும் கடந்த காலத்தைக் கேட்பார்கள்: "நெருக்கடியான ஒரு சூழலில் அமைதியாக இருந்து செயல்பட்ட சம்பவத்தைச் சொல்லுங்கள்." ரயில் அனுபவம் வேண்டியதில்லை. பேருந்து, கிடங்கு, மருத்துவமனை, கடை, எங்கே நடந்ததானாலும் சரி.

பலரும் சறுக்கும் இடம் இதுதான். கிடங்கில் வேலை பார்த்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். "ஒருமுறை எரிவாயு கசிந்தது. நாங்கள் எல்லோரையும் பத்திரமாக வெளியேற்றினோம்" என்கிறார். உடனே அடுத்த கேள்வி வரும்: "நாங்கள் என்றால் யார்? நீங்கள் என்ன செய்தீர்கள்?" அவர் தடுமாறினால் அந்தச் சம்பவத்தால் பயனில்லை. "வாடை வந்ததும் ஃபோர்க்லிஃப்டை நிறுத்திச் சாவியை எடுத்தேன். பக்கத்தில் இருந்த இருவரிடம் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள் என்றேன். வெளியே வந்த பிறகுதான் மேற்பார்வையாளருக்குப் போன் செய்தேன். கூடுமிடத்தில் பெயர் கூப்பிட்டபோது ஓர் ஆள் குறைந்தார். தேடி உள்ளே ஓடவில்லை, தீயணைப்பு வீரர்களிடம் சொன்னேன்." இப்படிச் சொல்பவருக்கு மதிப்பெண் கூடும். சம்பவம் சிறியதாக இருக்கலாம். செய்த காரியங்களின் வரிசையும், செய்யாமல் விட்டதற்கான காரணமும் தெளிவாக இருக்க வேண்டும். கடைசி வாக்கியத்தில் அவர் உள்ளே ஓடாமல் நின்றதைச் சொல்கிறாரே, மதிப்பீட்டாளர் கோடிட்டு வைப்பது அதைத்தான்.

கற்பனைச் சூழலைச் சொல்லிக் கேட்பதும் உண்டு. இரண்டு நிலையங்களுக்கு நடுவே வண்டி நின்றுவிட்டது, மின்சாரம் இல்லை, வெளியே கடும் குளிர், பயணிகள் கதவைத் திறக்கச் சொல்லிக் கத்துகிறார்கள். 2018 மார்ச் 2 அன்று தென்கிழக்கு லண்டனின் லூயிஷமில் இதைப் போன்ற நிலை உண்மையாக நேர்ந்தது. பொறுமை இழந்த பயணிகள் தாங்களே கதவைத் திறந்து தடத்தில் இறங்கினார்கள். பக்கத்தில் மின்சாரம் பாயும் மூன்றாம் தண்டவாளம் ஓடும் பாதை அது. இந்தக் கேள்விக்கு "விதிப்படி கதவைத் திறக்க மாட்டேன்" என்று மட்டும் சொல்வது பாதி விடைதான். என்ன நடக்கிறது என்று பயணிகளுக்குச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அறிவிப்பேன், புதிய தகவல் இல்லை என்றால் அதையும் சொல்வேன், வண்டிக்குள் நிலைமை மோசமாவதைக் கட்டுப்பாட்டு அறைக்குத் தொடர்ந்து தெரிவிப்பேன் என்பது மறுபாதி. ஓட்டுநர் பேசாமல் இருந்தால் பயணிகள் தாங்களே இறங்கிவிடக்கூடும்.

வண்டி முன்னால் ஒருவர் பாய்ந்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வியும் வரும். 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ரயில் நிற்க ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வேண்டும். ஹார்ன், எமர்ஜென்சி பிரேக், அவசர அழைப்பு, இடத்தைச் சரியாகச் சொல்வது: ஓட்டுநர் கையில் இருப்பது இவ்வளவே. "என்னை அது பாதிக்காது" என்று இங்கே உறுதியாகச் சொல்பவரைக் கண்டு நேர்காணல் செய்பவர்கள் தயங்குகிறார்கள். பாதிக்கும், அதற்கு உதவி கேட்பேன், தகுதி இல்லாத நிலையில் அடுத்த வண்டியை எடுக்க மாட்டேன் என்பவரே நீண்ட நாள் நிலைப்பார். இந்தப் பாரத்தை நம் லோகோ பைலட்டுகளும் சுமக்கிறார்கள். அதைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு.

உண்மை சொல்லும் துணிவு

அவசர நிலைக் கேள்விகளில் நுட்பமானது, அவசர நிலை போலவே தோன்றாத ஒன்று: "நீங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லுங்கள். பிறகு என்ன செய்தீர்கள்?"

2005 ஏப்ரல் 25 காலையில் ஜப்பானின் இடாமி நிலையத்தில் 23 வயது ஓட்டுநர் ஒருவர் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிச் சுமார் 72 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தினார். பின்னோக்கி எடுத்து நிறுத்தியதில் ஒன்றரை நிமிடம் போலத் தாமதம் ஆயிற்று. தாண்டிய தூரத்தைக் குறைத்துச் சொல்லும்படி அவர் கார்டிடம் கேட்டார். கார்டு கட்டுப்பாட்டு அறைக்கு 8 மீட்டர் என்று சொன்னார். அந்த ரேடியோ பேச்சில் ஓட்டுநரின் கவனம் சிக்கியிருந்த நேரத்தில், 70 கிலோமீட்டர் வேக வரம்புள்ள வளைவில் வண்டி 116 கிலோமீட்டரில் நுழைந்தது. பெட்டிகள் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் மோதின. ஓட்டுநர் உட்பட 107 பேர் இறந்தார்கள். அமாகசாகி விபத்து என்று அறியப்படுவது இது. தவறு செய்த ஓட்டுநர்களுக்கு அந்த ரயிலை நடத்திய நிறுவனத்தில் 'மறுபயிற்சி' என்ற பெயரில் களை பிடுங்குவதும் மன்னிப்பு அறிக்கைகள் எழுதுவதுமான தண்டனை இருந்தது. அந்த இளைஞர் ஏற்கெனவே ஒருமுறை அதை அனுபவித்தவர்.

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. விண்ணப்பதாரருக்கு: தவறை உடனே, முழு அளவோடு சொல்லும் பழக்கம் உள்ளவர் நீங்கள் என்று காட்டுங்கள். "நான் தவறே செய்ததில்லை" என்ற பதில் இந்தத் தொழிலில் அபாயக் குறி. நிறுவனத்துக்கு: உண்மை சொன்னவரைத் தண்டிக்கும் இடத்தில், நேர்காணலில் எத்தனை நேர்மையாளரைத் தேர்ந்தெடுத்தாலும் அவர்கள் சில ஆண்டுகளில் மறைக்கக் கற்றுக்கொள்வார்கள். இரண்டாவது பாடம் முதலாவதைவிடப் பெரியது என்றே நினைக்கிறேன்.

அமாகசாகியில் கண்டது போன்ற கவனச் சிதறலுக்கு ஸ்பெயினின் சாந்தியாகோ விபத்து நெருங்கிய உதாரணம். 2013 ஜூலை 24 அன்று வண்டியிலிருந்த ஊழியர் ஒருவரின் அலுவல் தொலைபேசி அழைப்பில் ஓட்டுநர் பேசி முடித்த சில நொடிகளில், 80 கிலோமீட்டர் வளைவில் வண்டி 179 கிலோமீட்டரில் நுழைந்தது. "கடினமான பகுதியில் ஓட்டிக்கொண்டிருக்கும்போது மேலதிகாரி அழைத்தால் எடுப்பீர்களா?" என்ற கேள்விக்குப் பின்னால் இப்படிப்பட்ட நிகழ்வுகள் நிற்கின்றன.

விதி போதாமல் போகும் இடம்

இதுவரை சொன்னதை வைத்து, விதியைப் பிடித்துக்கொண்டு கட்டுப்பாட்டு அறை சொல்வதைக் கேட்டால் போதும் என்று ஒருவர் முடிவு கட்டக்கூடும். 2003 பிப்ரவரி 18 அந்த முடிவைத் தகர்க்கிறது. தென்கொரியாவின் டேகு நகரச் சுரங்க ரயில் நிலையத்தில் ஒருவர் தீ வைத்த வண்டி எரிந்துகொண்டிருந்தபோது, எதிர்த்திசையிலிருந்து இரண்டாவது வண்டி வந்து அதன் பக்கத்தில் நின்றது. அதன் ஓட்டுநர் மேலிடத்தோடு தொடர்பு கொள்ள முயன்றபடியே பயணிகளை இருக்கையில் இருக்கச் சொன்னார். மின்சாரம் போயிற்று. கடைசியில் மாஸ்டர் சாவியை உருவிக்கொண்டு வெளியேறினார். கதவுகள் மூடியே கிடந்தன. இறந்த 192 பேரில் பெரும்பாலோர் தீ வைக்கப்பட்ட வண்டியில் அல்ல, இந்த இரண்டாவது வண்டியில் இருந்தவர்கள். ஓட்டுநர் மட்டுமல்ல, கட்டுப்பாட்டு அறை ஊழியர்களும் தண்டனை பெற்றார்கள்.

எனவே, "தீப்பிடித்தால்?" என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. சுரங்கத்துக்குள்ளோ பாலத்தின் மேலோ நிற்காமல் முடிந்தவரை வெளியேற வேண்டும். நடைமேடையில் இருந்தால் கதவைத் திறந்து ஆட்களை வெளியேற்றுவது முதல் வேலை. உத்தரவு பின்னால் வரட்டும். நேர்காணலில் இதைச் சொல்லும்போது காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எந்த நேரத்தில் கேட்டுச் செய்ய வேண்டும், எந்த நேரத்தில் செய்துவிட்டுச் சொல்ல வேண்டும் என்று பிரித்தறியும் புத்தி காரணத்தில்தான் வெளிப்படும். விதியை மனப்பாடம் செய்தவருக்கும் விதி எதற்காக எழுதப்பட்டது என்று அறிந்தவருக்கும் உள்ள வேறுபாடு அங்கே தெரிந்துவிடும்.

நம் நாட்டில்

இந்திய ரயில்வேயில் அசிஸ்டென்ட் லோகோ பைலட் வேலைக்கு நேர்காணலே கிடையாது. இரண்டு கணினித் தேர்வுகள், அதன் பின் நினைவாற்றல், கவனம், ஆழம் உணர்தல், கட்டளைகளைப் பின்பற்றுதல் போன்றவற்றை அளக்கும் கணினி வழி உளத்திறன் தேர்வு. ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 42 டி-மதிப்பெண் (மற்றவர்களோடு ஒப்பிட்டுத் தரப்படுத்திய மதிப்பெண்) வேண்டும். தரவரிசையில் இதற்கு 30 விழுக்காடு. பிறகு கண்ணாடி இல்லாமல் 6/6 பார்வை கேட்கும் ஏ-1 மருத்துவத் தகுதி. 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கே நேர்காணல் நீக்கப்பட்டுவிட்டது. 2024இல் 18,799 இடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது விண்ணப்பித்தவர்களின் கூட்டத்தை நினைத்தால், அத்தனை பேரையும் நேர்மையாக நேர்காணல் செய்வது நடவாத காரியம். சிபாரிசுக்கும் பணத்துக்கும் வழி திறக்கும் என்ற அச்சமும் நியாயமானது. நேர்காணல் வேண்டாம் என்ற முடிவை நான் ஏற்கிறேன்.

ஆனால் கேள்வி மறைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. திருச்சி மண்டலப் பயிற்சி நிலையம் போன்ற இடங்களில் வாய்மொழித் தேர்வில் வரும். பதவி உயர்வின்போது வரும். லோகோ இன்ஸ்பெக்டர் வண்டியில் ஏறி வரும் நாளில் வரும். நம் பொதுவிதிகள் இதில் மிகத் துல்லியமானவை. வண்டி பக்கத்துத் தடத்தை மறித்தால் உடனே ஃப்ளாஷர் லைட்டைப் போட வேண்டும்; வாக்கி டாக்கியில் அறிவிக்க வேண்டும்; பகலில் சிவப்புக் கொடி, இரவில் சிவப்பு விளக்கோடு நடந்து, அகலப் பாதையில் 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டரும் (சக்கரம் ஏறியதும் வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும் சிறு வெடி), 1200 மீட்டருக்குக் குறையாத தொலைவில் 10 மீட்டர் இடைவெளியில் மூன்றும் வைக்க வேண்டும். ஜல்லியின் மேல் 1200 மீட்டர் நடப்பது எளிதல்ல. அசிஸ்டென்ட் அந்தத் தூரம் போய்ச் சேர்வதற்குள் எதிர் வண்டி வந்துவிடலாம் என்பதால்தான் ஃப்ளாஷர் லைட்டும் வாக்கி டாக்கியும் முதலில் வருகின்றன. இந்தக் காரணத்தோடு சேர்த்துச் சொல்லும் விடைக்கும் எண்களை மட்டும் ஒப்பிக்கும் விடைக்கும் நிறைய தூரம்.

2024 ஜூன் 17 அன்று மேற்கு வங்கத்தின் ரங்காபாணி அருகே கஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்னால் சரக்கு ரயில் ஒன்று மோதியது. தானியங்கி சிக்னல்கள் பழுதாகி, சிவப்பைத் தாண்டிப் போக எழுத்துமூல அனுமதி கொடுக்கப்பட்டிருந்த நேரம் அது. அந்தத் தாளுடன் எந்த வேகத்தில் போக வேண்டும் என்பதில் தெளிவின்மை இருந்ததையும், லோகோ பைலட்டுகளுக்கும் நிலைய அதிகாரிகளுக்கும் போதிய விளக்கம் தரப்படாததையும் ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சுட்டியது. சரக்கு ரயிலின் லோகோ பைலட்டும் இறந்தார். நம் பயிற்சி நிலையங்களில் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வியை இது தருகிறது: "உங்கள் கையில் ஒரு தாள் கொடுக்கப்படுகிறது. அதன் பொருள் உங்களுக்குத் தெளிவாக இல்லை. பின்னால் வண்டிகள் காத்திருக்கின்றன. என்ன செய்வீர்கள்?" கேட்டுத் தெளிந்த பிறகே வண்டியை எடுப்பேன், தாமதத்துக்கு நான் பொறுப்பேற்கிறேன் என்று ஓர் இளைஞர் அச்சமின்றிச் சொல்ல வேண்டும். அந்தத் தாமதத்துக்காக அவரைக் கடிந்துகொள்ள மாட்டோம் என்ற உறுதியை நிர்வாகம் முதலில் தர வேண்டும்.

கைப்பழக்கத்தின் வலிமையையும் நாம் பார்த்திருக்கிறோம். 2024 அக்டோபர் 11 இரவு கவரைப்பேட்டையில் மெயின் லைனில் போக வேண்டிய பாக்மதி எக்ஸ்பிரஸ் லூப் லைனுக்குள் திரும்பி, அங்கே நின்ற சரக்கு ரயிலில் மோதியது. அதிர்வை உணர்ந்ததும் லோகோ பைலட் எமர்ஜென்சி பிரேக்கைப் போட்டார். பலர் காயமடைந்தார்கள், உயிரிழப்பு இல்லை. யோசித்து முடிவெடுக்க அங்கே நேரம் இல்லை. தீயணைப்புத் தலைவர்களை ஆராய்ந்த கேரி கிளைன், அனுபவசாலிகள் நெருக்கடியில் வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை, நிலைமையை அடையாளம் கண்டதும் பழகிய செயலைச் செய்கிறார்கள் என்று காட்டினார். சிக்னலைக் கைகாட்டி உரக்கச் சொல்லும் ஜப்பானியப் பழக்கம், அங்குள்ள ரயில்வே ஆய்வு நிறுவனத்தின் சோதனையில் 100 செயலுக்கு 2.38 ஆக இருந்த தவறை 0.38 ஆகக் குறைத்தது. நம் லோகோ பைலட்டும் அசிஸ்டென்டும் சிக்னல் நிறத்தை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்வதும் இதே வகைதான். வாயால் சொல்லிப் பழகியது நெருக்கடியில் கைக்கு வரும்.

ஆகவே என் கோரிக்கை இரண்டு. ரயில்வேக்கு: ஆளெடுக்கும்போது நேர்காணல் வேண்டாம், பயிற்சி முடிவில் வேண்டும். எல்லோருக்கும் ஒரே சூழல்கள், எழுதிவைத்த ஒரே அளவுகோல், இரண்டு மதிப்பீட்டாளர்கள், வாய்மொழியில், அவரவர் தாய்மொழியில். எழுத்துத் தேர்வில் நான்கு விடைகளில் ஒன்றைத் தொடுகிறவருக்கு அந்த வரிசை நாக்கில் இருக்கிறதா என்பது யாருக்கும் தெரிவதில்லை. லோகோ பைலட் ஆக விரும்பும் இளைஞர்களுக்கு: மாதிரி விடைகளை மனப்பாடம் செய்யாதீர்கள். பொதுவிதிப் புத்தகத்தை இப்போதே வாங்கி, விபத்துகள் பற்றிய ஆறாவது அத்தியாயத்தைப் படியுங்கள். நண்பர் ஒருவரை எதிரில் உட்காரவைத்து, அவர் ஒரு சூழலைச் சொல்ல, நீங்கள் செய்யப்போவதை வரிசையாக, காரணத்தோடு, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.